போனபோ சாது, சிம்பன்சி முரடு என்பது சரியா? ஆப்பிரிக்க மனிதக்குரங்குகளை ஒப்பிடும் முறை

சிம்பன்சி போர் செய்யும், போனபோ அன்பு செய்யும், கொரில்லா ராஜாவாக வீற்றிருக்கும். ஆப்பிரிக்க மனிதக்குரங்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த மூன்று வரிகளோடு முடிந்துவிடுகிறது. மனிதன் பிறவியிலேயே கொடியவனா என்று வாதிடுபவர்களில் ஒரு தரப்பு சிம்பன்சியைச் சாட்சிக்கு அழைக்கும், மறுதரப்பு போனபோவை அழைக்கும்.

2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த வரிகளைக் கலைத்துப் போட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோகோலோபோரி காட்டில் வாழும் போனபோ ஆண்களையும், தான்சானியாவின் கோம்பே காட்டில் வாழும் சிம்பன்சி ஆண்களையும் ஒரே முறையில் பின்தொடர்ந்து, ஆணுக்கும் ஆணுக்கும் நடந்த சண்டைகளை எண்ணினார்கள். போனபோ ஆண்கள்தான் 2.8 மடங்கு அதிகமாகச் சண்டையிட்டிருந்தன. அதே சமயம், சிம்பன்சிகள் கூட்டமாகச் சேர்ந்து இன்னொரு சிம்பன்சியைக் கொல்வது பல காடுகளில் பதிவாகியிருக்கிறது. போனபோவில் அப்படிப்பட்ட பதிவு அரிதிலும் அரிது. இரண்டு தகவல்களும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், இந்த விலங்குகளின் சமூக வாழ்வை எப்படி ஒப்பிட வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும்.

யார் யார், எங்கே வாழ்கிறார்கள்

வால் இல்லாத, உடல் பெருத்த, வளர நெடுங்காலம் எடுக்கும் உயிரினங்களை மனிதக்குரங்குகள் என்கிறோம். ஆப்பிரிக்காவில் சிம்பன்சி, போனபோ, கொரில்லா என மூன்று வகை உண்டு. கொரில்லாவில் மேற்கு, கிழக்கு என இரண்டு இனங்கள். ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லைகளில் உள்ள விருங்கா எரிமலைகளிலும் உகாண்டாவின் ப்விண்டி காட்டிலும் வாழும் மலைக் கொரில்லா கிழக்கு இனத்தின் ஒரு பிரிவு. 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி அவற்றின் எண்ணிக்கை 1,063.

சிம்பன்சி மேற்கே செனகல் முதல் கிழக்கே தான்சானியா வரை பரவியிருக்கிறது. போனபோவுக்கு ஒரே நாடுதான்: காங்கோ ஜனநாயகக் குடியரசு. அங்கும் காங்கோ ஆற்றுக்குத் தெற்கே மட்டும். இவற்றால் பெரிய ஆற்றை நீந்திக் கடக்க முடியாது. ஆகவே ஆறே இரண்டு இனங்களுக்கும் நடுவே மதிலாக நின்றது. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

மரபணு அளவில் மனிதனுக்கு இந்த இரண்டும் ஒரே தொலைவுதான். இரண்டோடும் ஒற்றுமை சுமார் 98.7 விழுக்காடு. எனவே "நமக்கு நெருங்கிய சொந்தம் போனபோதான்" என்றோ "சிம்பன்சிதான்" என்றோ யாராவது வாதத்தைத் தொடங்கினால், அந்த இடத்திலேயே அது தவறு.

ஊரும், வேலைக்குப் போகும் சிறுகூட்டமும்

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நூறு பேர். காலையில் நாலு பேர் ஒரு வயலுக்கு, பத்துப் பேர் இன்னொரு வேலைக்கு, இரண்டு பேர் சந்தைக்கு. மாலையில் சிலர் ஒன்று சேர்வார்கள். திருவிழா வந்தால் மொத்த ஊரும் ஒரே இடத்தில் கூடும். யார் எங்கே போனாலும், இன்னார் நம் ஊர், இன்னார் அசலூர் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

சிம்பன்சியும் போனபோவும் வாழ்வது இப்படித்தான். அந்த ஊரைச் சமுதாயம் என்கிறார்கள். ஒரு நேரத்தில் சேர்ந்து திரிபவற்றைச் சிறுகூட்டம் என்கிறார்கள். பிரிவதும் கூடுவதுமாக நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும் இந்த அமைப்புக்குப் பிரிந்துகூடும் வாழ்வு என்று பெயர். சிம்பன்சி சமுதாயத்தில் பொதுவாகச் சில பத்து உறுப்பினர்கள் இருப்பார்கள். உகாண்டாவின் கிபாலே காட்டில் உள்ள ந்கோகோ சமுதாயம் ஏறத்தாழ 200 வரை வளர்ந்தது. இவ்வளவு பெரியது வேறெங்கும் பதிவாகவில்லை.

இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு, சிறுகூட்டம் எவ்வளவு கட்டாக இருக்கிறது என்பதில்தான். சிம்பன்சித் தாய் ஒருத்தி தன் குட்டிகளோடு மட்டும் நாள்கணக்கில் தனியாகத் திரிவது கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் சாதாரணம். போனபோக்களின் சிறுகூட்டங்கள் ஒப்பீட்டளவில் பெரியவை. அவற்றில் பெண்கள் தவறாமல் இருக்கும்.

கொரில்லாவின் கதை வேறு. அங்கே ஊரும் சிறுகூட்டமும் ஒன்றுதான். ஒரே கூட்டமாக நடக்கும், ஒரே இடத்தில் தின்னும், இரவில் அருகருகே கூடு கட்டித் தூங்கும். நடுவில் வெள்ளிமுதுகு ஆண் இருக்கும். ஆண் கொரில்லாவுக்குச் சுமார் 12 வயதுக்கு மேல் முதுகு ரோமம் வெள்ளி நிறமாக மாறுவதால் வந்த பெயர் அது. உடல் எடையில் அது பெண்ணைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிம்பன்சியிலும் போனபோவிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சிம்பன்சியும் போனபோவும் "ஊர்" வாழ்க்கை வாழ்கின்றன, உறுப்பினர்கள் பிரிந்து பிரிந்து கூடுகிறார்கள். கொரில்லா ஒரே கட்டான கூட்டமாக வாழ்கிறது. ஒப்பிடும்போது சிம்பன்சியின் ஒரு சிறுகூட்டத்தைக் கொரில்லாவின் முழுக்கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

பிறந்த வீடு, புகுந்த வீடு

ஒரு சமூகத்தில் யார் யாருக்குத் துணை என்பதைத் தெரிந்துகொள்ள, வளர்ந்தபின் யார் வீட்டைவிட்டுப் போகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்று கேட்பதுதான் நல்ல தொடக்கம். பிறந்த வீட்டிலேயே இருக்கும் மகனுக்கு அண்ணன் தம்பி பக்கத்தில் இருப்பார்கள். புகுந்த வீட்டுக்குப் போன மகளுக்குத் தொடக்கத்தில் யாரும் இல்லை. உறவை அவளேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் இந்த வெளியேற்றத்தை இடம்பெயர்தல் என்கிறார்கள்.

சிம்பன்சியிலும் போனபோவிலும் பொது விதி ஒன்றுதான்: பருவமெய்தும் பெண் வேறு சமுதாயத்துக்குப் போகும், ஆண் பிறந்த இடத்திலேயே தங்கும். விதிவிலக்கு உண்டு, கோம்பேயில் கணிசமான பெண்கள் பிறந்த சமுதாயத்திலேயே தங்கிவிடுகின்றன. விதி ஒன்றாக இருந்தும் விளைவு இரண்டு திசையில் போவதுதான் இங்கே கவனிக்க வேண்டிய இடம்.

சிம்பன்சியில் தங்கிய ஆண்கள் ஒன்றோடொன்று கட்டாக இருக்கின்றன. மணிக்கணக்கில் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். ரோமத்தைக் கோதிச் சுத்தம் செய்யும் இந்தப் பழக்கம்தான் அவற்றிடம் நட்பின் நாணயம். எல்லை ரோந்துக்கும் சேர்ந்து போகும். முதலிடத்தில் உள்ள ஆண் அங்கே நிற்பது பெரும்பாலும் தன் பலத்தால் மட்டும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் உள்ளவை கொடுக்கும் ஆதரவாலும்தான். இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ சேர்ந்து இன்னொன்றை எதிர்ப்பதைக் கூட்டணி என்கிறார்கள். நம் அரசியலில் வழங்கும் அதே சொல், ஏறத்தாழ அதே பொருளில்.

போனபோவில் கட்டுச் சேர்வது, வெளியூரிலிருந்து வந்த பெண்கள். ஒன்றுக்கொன்று ரத்த உறவு இல்லாத பெண்கள் பேன் பார்த்தும், உணவைப் பகிர்ந்தும், பாலுறுப்புகளை உரசிக்கொண்டும் உறவை உறுதிப்படுத்துகின்றன. இந்த உரசலைத்தான் "அன்பு செய்யும் குரங்கு" என்று பலர் மிகைப்படுத்திவிட்டார்கள். காட்டில் இது பெரும்பாலும் நல்ல பழமரத்தை அடைந்ததும் பதற்றம் கூடும் வேளையில் நடக்கிறது. சண்டை மூளக்கூடிய இடத்தில் அதைத் தணிக்கும் வழி என்று புரிந்துகொள்வது பொருத்தம்.

இந்தக் கட்டின் பலனும் எண்ணப்பட்டிருக்கிறது. ஆறு போனபோ சமுதாயங்களில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் திரட்டிய தரவு 2025-இல் வெளியானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடந்த 1,786 மோதல்களில் பெண்கள் வென்றவை 1,099. பெண்களின் கூட்டணிகளில் 85 விழுக்காடு ஆண்களுக்கு எதிராகவே அமைந்தன. தனியாகப் பார்த்தால் ஆண் உடலில் பெரியது. ஆனால் இரண்டு மூன்று பெண்கள் கத்திக்கொண்டு ஒன்றாக வந்தால் அது ஓடிவிடும்.

அப்படியானால் போனபோ ஆணுக்கு யார் துணை? அம்மாதான். தாய் உடனிருக்கும் ஆண், ஒரு குட்டிக்குத் தந்தையாகும் வாய்ப்பு, தாய் இல்லாத ஆணைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. மகன் ஒரு பெண்ணோடு சேரும்போது இடையூறு செய்ய வரும் ஆண்களைத் தாய் விரட்டும். சிம்பன்சியில் இப்படி ஒரு பலன் காணப்படவில்லை.

கொரில்லாவில் ஆணும் போகலாம், பெண்ணும் போகலாம். பெண் பெரும்பாலும் தன் கூட்டத்தை விட்டு வேறு வெள்ளிமுதுகிடம் சேரும். வாழ்நாளில் ஒருமுறைக்கு மேலும் மாறக்கூடும். கூட்டத்தின் அச்சு ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள உறவில் இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த ஆணுக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

பலாப்பழமா, புல்வெளியா

இந்த வேறுபாடுகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் சாப்பாடு. ஒரு பலாப்பழத்தை நடுவில் வைத்தால் சுற்றி நாலு பேர்தான் உட்கார முடியும். ஐந்தாவது ஆள் வந்தால் தள்ளுமுள்ளு. பரந்த புல்வெளியில் ஐம்பது மாடுகளை விட்டாலும் ஒன்று தின்பதால் மற்றொன்றுக்குக் குறைவதில்லை. உணவு ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, எங்கும் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கூட்டத்தின் அளவும் உறவும் மாறும். உணவுக்காக ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருப்பதை உணவுப் போட்டி என்கிறார்கள்.

விருங்கா மலைகளில் கொரில்லாவைச் சுற்றி இருப்பது காட்டுச் செலரி, முட்செடி, தரையில் படரும் கொடிகள். ஆண்டு முழுக்கக் கிடைக்கும், எங்கும் கிடைக்கும். ஆகவே கூட்டம் பெரிதானாலும் பாதகம் இல்லை. அங்கே பாப்லோ என்று பெயரிடப்பட்ட கூட்டம் ஒரு காலத்தில் 65 உறுப்பினர்கள் வரை பெருகியது. மத்திய ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளில் உள்ள மேற்குக் கொரில்லாக்கள் பழத்தை அதிகம் தேடுகின்றன, ஒரு நாளில் அதிக தூரம் நடக்கின்றன. அவற்றின் கூட்டங்கள் இவ்வளவு பெருகுவதில்லை.

சிம்பன்சியின் முதல் விருப்பம் பழுத்த பழம். பழமரம் சிதறிக் கிடக்கும், பருவம் மாறும். குட்டியைச் சுமந்து நடக்கும் தாய்க்குக் கூட்டத்தோடு சேர்ந்து போனால் பங்கு குறையும், அலைச்சல் கூடும். அதனால்தான் அது தனித்துத் திரிகிறது. தனித்துத் திரியும் பெண்களால் கூட்டணி கட்ட முடிவதில்லை. ஆண்கள் கூடுகின்றன, பெண்கள் கூடுவதில்லை. மேலாண்மை எந்தப் பக்கம் போகும் என்பது இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

போனபோவும் பழம்தான் விரும்புகிறது. ஆனால் காங்கோ ஆற்றுக்குத் தெற்கே கொரில்லா கிடையாது. தரையில் வளரும் சத்தான தண்டுகளையும் இலைகளையும் தின்னப் போட்டிக்கு வேறு பெரிய குரங்கு இல்லாததால், பழம் குறையும் காலத்திலும் போனபோப் பெண்களால் சேர்ந்தே திரிய முடிந்தது, அந்தச் சேர்க்கையே கூட்டணிகளுக்கு வழிவிட்டது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. நல்ல விளக்கம், ஆனாலும் இது இன்னும் கருதுகோள்தான். பல இடங்களில் இதை நிறுவப்பட்ட உண்மையாகவே எழுதிவிடுகிறார்கள், அப்படி எழுதக் கூடாது.

சங்கிலியைத் திரும்பப் பார்ப்போம். உணவு எப்படிப் பரவியிருக்கிறதோ, அதற்கேற்பச் சேர்ந்து திரிய முடிகிறது அல்லது முடியாமல் போகிறது. சேர்ந்து திரிய முடிந்தவை கூட்டணி கட்டுகின்றன. கூட்டணி இருக்கும் பக்கம் அதிகாரம் சாய்கிறது.

சண்டையை எண்ணுவது எப்படி

இனி தொடக்கத்தில் விட்ட புதிருக்கு வருவோம். "எந்த இனம் அதிகம் சண்டையிடும்?" என்பது ஒரே கேள்வி போலத் தெரிகிறது; அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு அடிக்கடி? எவ்வளவு கடுமையாக? யார் யாரோடு?

அடிக்கடி என்பதை அளக்க வீதம் வேண்டும். ஒரு தெருவில் பத்துச் சண்டை, இன்னொரு தெருவில் இருபது என்றால் இரண்டாவது தெருவே மோசம் என்று சொல்லிவிட முடியுமா? முதல் தெருவை ஒரு நாளும், இரண்டாவதை ஒரு மாதமும் பார்த்திருந்தால்? கோகோலோபோரி, கோம்பே ஆய்வில் போனபோ ஆண்களை இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேலும், சிம்பன்சி ஆண்களை ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேலும் பின்தொடர்ந்தார்கள். 2.8 மடங்கு என்பது பார்த்த நேரத்தால் வகுத்த பிறகு கிடைத்த எண். துரத்துவது, அடிப்பது, கடிப்பது எல்லாம் இதில் சேரும். உடல்மீது கைவைத்த தாக்குதலை மட்டும் எடுத்தாலும் போனபோ ஆண்கள் மூன்று மடங்கு முன்னால் நின்றன.

ஆனால் அதே தரவில் இன்னொன்றும் இருக்கிறது. சிம்பன்சி ஆண்களின் தாக்குதல்களில் சுமார் 13 விழுக்காடு கூட்டணியாக நடந்தவை. போனபோவில் அது ஒரு விழுக்காடு. போனபோ ஆண்கள் ஒன்றுக்கு ஒன்றாக மோதிக்கொள்கின்றன. அதில் உயிர் போகும் ஆபத்து குறைவு. சிம்பன்சி ஆணுக்கு ஒவ்வொரு சண்டையும் ஆபத்தானது, ஏனென்றால் எதிராளியின் கூட்டாளிகள் எந்த நேரத்திலும் வந்து சேரலாம். அதனால் அது எளிதில் சண்டையைத் தொடங்குவதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பெண்களைத் தாக்குவதில் நிலைமை தலைகீழ்: சிம்பன்சி ஆண் பெண்ணை அடிக்கடி தாக்கும், போனபோ ஆண் அரிதாகவே தாக்கும்.

கொலைக்கு வேறு கணக்கு. 2014-இல் 18 சிம்பன்சி சமுதாயங்களின் பதிவுகளையும் 4 போனபோ சமுதாயங்களின் பதிவுகளையும் ஒன்றாகத் திரட்டினார்கள். சிம்பன்சிகளில் 152 கொலைகள்: 58 நேரில் பார்த்தவை, 41 உடல்காயம் போன்ற சான்றால் முடிவுகட்டியவை, 53 சந்தேகத்துக்குரியவை. போனபோவில் சந்தேகத்துக்குரியது ஒன்று. சிம்பன்சிகளை மொத்தம் 426 சமுதாய ஆண்டுகள் (ஒரு சமுதாயத்தை ஓராண்டு பார்த்தால் ஒரு சமுதாய ஆண்டு) பார்த்திருந்தார்கள், போனபோக்களை 92. பார்த்த காலம் குறைவு என்பதால்தான் போனபோவில் கொலை தென்படவில்லையா? நாமே போட்டுப் பார்க்கலாம். 152-ஐ 426-ஆல் வகுத்து 92-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 33 வருகிறது. போனபோக்களும் சிம்பன்சி வேகத்திலேயே கொன்றிருந்தால் அத்தனை தென்பட்டிருக்க வேண்டும். நேரில் பார்த்த 58-ஐ மட்டும் எடுத்தாலும் 12-க்கு மேல் வரும். ஆகவே இந்த வேறுபாடு உண்மையானது.

அந்தக் கொலைகளில் மூன்றில் இரண்டு பங்கு வேறு சமுதாயத்தின்மீது நடந்தவை. தாக்கியவை பெரும்பாலும் ஆண்கள். நடுத்தரமான ஒரு தாக்குதலில் எட்டுக்கு ஒன்று என்ற விகிதம். இந்த விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது: எட்டாகச் சேர்ந்து ஒற்றையாக அகப்பட்ட ஒன்றைத் தாக்கினால் தாக்குபவைக்குக் காயம்படும் வாய்ப்பே குறைவு. உறுப்பினர்கள் பிரிந்து பிரிந்து திரியும் வாழ்வில்தான் அப்படி ஒற்றையாக ஒன்று அகப்படும். ந்கோகோவில் பத்தாண்டுகளில் 21 அயல் சிம்பன்சிகள் கொல்லப்பட்டன. அதன்பின் 2009-இல் அந்தச் சமுதாயம் கொலைகள் நடந்த பகுதியையே தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. பரப்பு சுமார் 22 விழுக்காடு கூடியது.

மனிதர்கள் காட்டில் தலையிட்டதால்தான் சிம்பன்சிகள் கொலைகாரர்கள் ஆயின என்ற வாதம் நெடுநாளாக உண்டு. கோம்பேயில் 1960-களில் வாழைப்பழம் வைத்து அவற்றை வரவழைத்தார்கள். 1974 முதல் அங்கே பிரிந்துபோன கஹாமா சமுதாயத்தின் ஆண்கள் ஒவ்வொன்றாகக் கொல்லப்பட்டன. சந்தேகம் எழுந்தது இயல்புதான். 2014 தொகுப்பு இதையும் சோதித்தது. மனிதத் தலையீட்டின் அளவுக்கும் கொலைகளுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆண்களின் எண்ணிக்கையும் மக்கள்தொகை அடர்த்தியும் கூடும் இடங்களில் கொலை கூடியது.

கொரில்லாவில் ஆபத்து குட்டிகளுக்கு. பால் கொடுக்கும் தாய் அடுத்துக் கருத்தரிக்காது. புதிதாக வரும் வெள்ளிமுதுகு, வேறோர் ஆணின் குட்டியைக் கொன்றுவிட்டால் தாய் விரைவில் மீண்டும் கருத்தரிக்கத் தயாராகும். இதைக் குட்டிக்கொலை என்கிறார்கள். கூட்டத்தில் ஒரே வெள்ளிமுதுகு இருந்து அது இறந்துபோனால் குட்டிகளுக்குக் காவல் இல்லை. மலைக் கொரில்லாக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வெள்ளிமுதுகுகள் சேர்ந்திருக்கும் கூட்டங்கள் கணிசம். அங்கே ஒன்று போனாலும் இன்னொன்று காக்கும்.

இதே கொரில்லா ஆணைப் பற்றி இன்னொரு தகவலையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ருவாண்டாவின் கரிசோகே ஆய்வுக்களத்தில், தன் குட்டியா பிறர் குட்டியா என்று பாராமல் குட்டிகளை மடியில் வைத்து, பேன் பார்த்து அதிக நேரம் செலவிட்ட ஆண்களுக்கு, அப்படிச் செய்யாத ஆண்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு சந்ததி இருந்தது என்று 2018-இல் கண்டார்கள். ராஜா என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது எங்கே அடங்கும்?

காட்டில் தரவு எடுப்பதும், அதில் பிசகும் இடங்களும்

முதல் வேலை, பழக்கப்படுத்தல். மனிதரைக் கண்டால் ஓடாமல் தன் வேலையைப் பார்க்கும் நிலைக்கு விலங்கைக் கொண்டுவருவது. தினமும் போய், தொலைவில் நின்று, எதுவும் கொடுக்காமல் திரும்ப வேண்டும். சிம்பன்சியிலும் போனபோவிலும் இதற்கே சில ஆண்டுகள் ஆகும். உணவு வைத்தால் வேலை சுலபம்தான். ஆனால் குவித்து வைத்த உணவு, மேலே சொன்ன பலாப்பழம் ஆகிவிடும். எல்லாம் ஓரிடத்தில் கூடும், சண்டை கூடும், இயல்பு எது என்று தெரியாது. கோம்பேயில் வாழைப்பழமும், போனபோ ஆய்வு 1970-களில் தொடங்கிய வாம்பாவில் கரும்பும் வைத்தார்கள். பின்னர் இரண்டு இடங்களிலும் அந்த முறை கைவிடப்பட்டது.

அடுத்து, ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அறிதல். கொரில்லாவை மூக்கின் மேலுள்ள சுருக்க வரிகளால் அடையாளம் காண்பார்கள். தந்தை யார் என்பதற்குச் சாணத்திலிருந்து மரபணு எடுப்பார்கள்.

பிறகுதான் குறிப்பு எடுப்பது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால், ஆரவாரமான சண்டை மட்டும் பதிவாகும். ஓரமாக அமர்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது விடுபடும். பெரிய ஆண்கள் அதிகம் பதிவாகும், ஒதுங்கித் திரியும் தாய்கள் குறைவாகப் பதிவாகும். இதைத் தவிர்க்க ஒரே விலங்கைக் காலைக் கூட்டிலிருந்து இரவுக் கூட்டுவரை விடாமல் பின்தொடர்ந்து அது செய்ததை மட்டும் எழுதுவார்கள். மறுநாள் வேறொன்று. முன்பே வரிசை போட்டுவைத்தால் பிடித்ததையே பார்க்கும் ஆசை வராது.

படிநிலையை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிம்பன்சியில் கீழ்நிலை உறுப்பினர் மேல்நிலை உறுப்பினரை நெருங்கும்போது மூச்சிரைப்பு கலந்த உறுமலை எழுப்பும். கும்பிடு போடுவது மாதிரி. கீழிருந்து மேலே மட்டும் போகும். யார் யாருக்குப் போடுகிறார்கள் என்று எழுதினாலே வரிசை கிடைத்துவிடும். போனபோவில் இதற்கு இணையான கும்பிடு இல்லை. யாரைக் கண்டு யார் விலகினார்கள் என்பதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். சதுரங்க வீரர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஈலோ தரப்புள்ளி ஏறி இறங்குவது போல, ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் விலங்குக்குப் புள்ளி மாற்றும் முறையை இப்போது பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். உறுமலால் கட்டிய சிம்பன்சி வரிசையையும் மோதலால் கட்டிய போனபோ வரிசையையும் நேராக ஒப்பிட்டு "போனபோவில் படிநிலை தளர்வு" என்று எழுதினால், அளவுகோல் மாறியதையே இன வேறுபாடு என்று சொன்னதாகிவிடும்.

பார்ப்பவரால் வரும் ஆபத்தும் உண்டு. நம் சளிக்கிருமி இவற்றைக் கொல்லும். ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டில் மனிதரிடமிருந்து பரவிய சுவாச நோயால் சிம்பன்சிகள் இறந்தது மரபணுச் சான்றோடு நிறுவப்பட்டது. முகக்கவசமும் கட்டாய இடைவெளியும் அதனால் வந்தவை.

ஒரே இனம், வேறு காடு

எத்தனை களங்களிலிருந்து தரவு வந்தது என்று கேட்காமல் "சிம்பன்சி இப்படி" என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கிழக்கே கோம்பேயில் பெண்கள் தனித்துத் திரிகின்றன. மேற்கே டாய் காட்டில் பெண்கள் ஆண்களோடும் தங்களுக்குள்ளும் நெருக்கமாகவே இருக்கின்றன. கொலைகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளில் அதிகம், மேற்கில் குறைவு. போனபோவை நீண்டகாலம் பார்த்த களங்களோ விரல்விட்டு எண்ணக் கூடியவை. கோகோலோபோரியில் இரண்டு சமுதாயங்கள் சந்தித்தால் சேர்ந்தே திரிந்து, பேன் பார்த்து, உணவும் பகிர்கின்றன என்று 2023-இல் விரிவாகக் காட்டினார்கள். வாம்பாவில் இரண்டு போனபோப் பெண்கள் வேறு சமுதாயத்துக் குட்டிகளைத் தத்தெடுத்து வளர்த்ததாக 2021-இல் பதிவானது. இவை உறுதியான பதிவுகள். எல்லாப் போனபோக் காடுகளுக்கும் பொருந்துமா என்பதை மற்றக் களங்கள்தான் சொல்ல வேண்டும்.

ந்கோகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அயலாரைக் கொன்று எல்லையைப் பெருக்கிய அதே சமுதாயம் 2015-க்குப் பிறகு தனக்குள் இரண்டாகப் பிளக்கத் தொடங்கியது. நேற்றுவரை ஒன்றுக்கொன்று பேன் பார்த்த ஆண்கள் எதிரெதிர் அணியாயின, கொலையும் நடந்தது. அங்கே 2005-இல் மட்டும் ஆய்வு செய்திருந்தால், ஆண்களின் கட்டு உடையாதது என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டு இனங்கள் சந்திக்கும் இடத்திலும் காட்டுக்குக் காடு மாறுகிறது. காபோன் நாட்டின் லோவாங்கோவில் 2019-இல் சிம்பன்சிகள் இருமுறை கொரில்லாக் கூட்டங்களைத் தாக்கின. ஒவ்வொரு முறையும் ஒரு கொரில்லாக் குட்டி இறந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் அண்டை நாடான காங்கோ குடியரசின் கூவாலூகோ காட்டில் இதே இரண்டு இனங்களை இருபது ஆண்டுகள் பார்த்தார்கள். அங்கே பழுத்த அத்திமரத்தில் சிம்பன்சியும் கொரில்லாவும் அருகருகே அமர்ந்து தின்கின்றன, இரண்டின் குட்டிகளும் ஒன்றோடொன்று விளையாடுகின்றன.